ஒரு கணவாய், இரண்டு சோலைக்கிளிகள்: யாருக்கு ஆபத்து அதிகம்?

விடிந்தும் விடியாத நேரம். மேட்டுப்பாளையத்தைத் தாண்டிக் கல்லாறு சோதனைச் சாவடியில் கார்களும் வேன்களும் வரிசை கட்டி நிற்கின்றன. இ-பாஸ் இருக்கிறதா, இல்லையா என்று ஒவ்வொரு வண்டியாக விசாரணை நடக்கிறது. மேலே கோத்தகிரியில், இந்த இரைச்சல் எட்டாத லாங்வுட் சோலைக்குள் இன்னும் இருட்டு விலகவில்லை. பாசி படர்ந்த வேர்களுக்கு நடுவே, ஈரச் சருகின் மேல், சிட்டுக்குருவி அளவேயுள்ள ஒரு பறவை தத்தித் தத்தி வருகிறது. முதுகு கருநீலம். விலாப்பக்கம் செம்பழுப்பு. சருகைப் புரட்டி ஒரு பூச்சியைக் கொத்துகிறது. பிறகு தாழ்வான கிளையொன்றில் ஏறி நின்று, சீழ்க்கையும் கரகரப்பும் கலந்த ஒரு நீண்ட பாட்டைத் தொடங்குகிறது.

அதே நேரம், தெற்கே கொடைக்கானல் பாம்பே சோலையிலும் ஒரு பறவை பாடிக்கொண்டிருக்கிறது. அதே அளவு, அதே கருநீலம், அதே தத்தல் நடை. விலாவில் மட்டும் செம்பழுப்பு இல்லை. அங்கே நீலச் சாம்பல், வயிறு பளிச்சென்ற வெள்ளை.

முதலாவது நீலகிரி சோலைக்கிளி. இரண்டாவது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளைத் தவிர வேறு எங்கும் இவை இல்லை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐ.யு.சி.என். வெளியிடும் சிவப்புப் பட்டியலில் நீலகிரிப் பறவை ‘அருகிய இனம்’. பழனி மலைப் பறவை அதற்கு ஒரு படி கீழே, ‘அழிவாய்ப்பு இனம்’. அதாவது வடக்கே ஆபத்து அதிகம், தெற்கே கொஞ்சம் குறைவு.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் எத்தனை வண்டி தாங்கும் என்று தமிழ்நாடே பேசிக்கொண்டிருக்கும் நேரம் இது. அந்த மலைகளில் மட்டுமே வாழும் இரண்டு பாட்டுப் பறவைகளின் நிலையைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், மலைகளின் உடல்நிலையே தெரிந்துவிடும். பட்டியல் சொல்லும் அந்த ஒரு படி வித்தியாசத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கிளி அல்ல, பாடகன்

பெயரைக் கேட்டுப் பச்சைக்கிளியின் உறவு என்று நினைத்துவிட வேண்டாம். மலையாளத்தில் ‘கிளி’ என்றால் பொதுவாகப் பறவை. அந்த வழக்கில் வந்த பெயர் இது. உண்மையில் இவை நம் வீட்டுத் தோட்டத்துக்கு வரும் குண்டுக்கரிச்சானின் குடும்பம்.

பழக்கவழக்கத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. இரண்டுமே சோலையின் தரையை ஒட்டி வாழ்கின்றன. குறிஞ்சிப் புதர்களும் பெரணிகளும் அடர்ந்த நிழலில் பூச்சி பிடித்துத் தின்கின்றன. மரப்பொந்திலோ, மண் சரிவின் குழியிலோ பாசியும் வேரும் வைத்துக் கூடு கட்டி, பெரும்பாலும் இரண்டு முட்டை இடுகின்றன. நெடுந்தூரம் பறக்கும் வழக்கம் இல்லை. வலசை போவதும் இல்லை. பிறந்த மலைதான் வாழும் மலை.

இந்தக் கடைசிக் குணம்தான் கட்டுரையின் மையம். புல்வெளியைத் தாண்டி, தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி, அடுத்த மலைக்குப் போகிற பறவையாக இருந்தால் ஒரு சோலை அழிந்தாலும் இன்னொன்றில் பிழைத்துக்கொள்ளும். சோலைக்கிளிக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது.

▌பெட்டிச் செய்தி: நேருக்கு நேர்

நீலகிரி சோலைக்கிளி
அறிவியல் பெயர்: ஷோலிகோலா மேஜர்
முதலில் விவரித்தவர்: தாமஸ் ஜெர்டன், 1840களில்
அடையாளம்: கருநீல முதுகு, செம்பழுப்பு விலா, வயிற்றின் நடுவில் வெளுப்பு
வாழிடம்: பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரி, வயநாடு, பிரம்மகிரி, பாபாபுதன் மலைகள்
சிவப்புப் பட்டியலில்: அருகிய இனம்

வெண்வயிற்றுச் சோலைக்கிளி
அறிவியல் பெயர்: ஷோலிகோலா அல்பிவென்ட்ரிஸ்
முதலில் விவரித்தவர்: வில்லியம் பிளான்ஃபோர்டு, 1868
அடையாளம்: கருநீல முதுகு, நீலச் சாம்பல் விலா, வெள்ளை வயிறு, எடுப்பான வெண் புருவம்
வாழிடம்: கணவாய்க்குத் தெற்கே, ஆனைமலை, பழனி மலை, மேகமலை
சிவப்புப் பட்டியலில்: அழிவாய்ப்பு இனம்

காற்று வரும் வழி, பறவை போகாத வழி

கோவைக்காரர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாயை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆடிக் காற்று அந்த வழியாகத்தான் ஊருக்குள் நுழைகிறது. ரயிலும் நெடுஞ்சாலையும் கேரளத்துக்குப் போவது அந்த வழியாகத்தான். மேற்குத் தொடர்ச்சி மலை இரண்டாக விட்டுக்கொடுக்கும் இடம் அது. சுமார் 30 கி.மீ. அகலம். வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். நடுவில் கணவாயோ கடல் மட்டத்தைவிடச் சில நூறு அடி உயரம்தான்.

குளிர்ந்த உச்சியிலேயே வாழப் பழகிய பறவைக்கு இந்தச் சூடான பள்ளம் கடலுக்குச் சமம். அதனால்தான் இந்த உச்சிகளை ஆய்வாளர்கள் ‘வானத் தீவுகள்’ என்கிறார்கள். கடல் நீருக்குப் பதில் சமவெளி வெப்பம் சூழ்ந்த தீவுகள். பெரும்பாலும் 1,400 மீட்டருக்கு மேலே, சோலையும் புல்வெளியும் மாறி மாறி வரும் நிலம்.

நீலகிரியில் பறவை சேகரித்த மதராஸ் ராணுவ மருத்துவர் ஜெர்டனும், பழனி மலைப் பறவையை விவரித்த பிளான்ஃபோர்டும் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் இரண்டையும் ஒரே இனத்தின் இரு வடிவங்களாகச் சேர்த்துவிட்டார்கள். 2005இல் பமீலா ராஸ்முசனும் ஜான் ஆண்டர்ட்டனும் வெளியிட்ட தெற்காசியப் பறவைகள் நூல் மறுபடி பிரித்தது.

கேள்விக்கு முடிவு கட்டியது மரபணு. வி.வி.ராபின், அனிந்த்ய சின்ஹா, உமா ராமகிருஷ்ணன் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கப் பறவைகளும் மிகப் பழைய காலத்திலேயே பிரிந்துவிட்டதைக் காட்டியது. 2017இல் ராபின் குழுவினர் இன்னொரு படி மேலே போனார்கள். இந்தப் பறவைகள் ஏற்கனவே வைக்கப்பட்டிருந்த எந்தப் பேரினத்திலும் பொருந்தவில்லை என்று நிறுவி, ‘ஷோலிகோலா’ என்ற புதிய பேரினத்தையே உருவாக்கினார்கள். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியர்மலைப் பகுதியில் வாழும் சோலைக்கிளியை மூன்றாவது இனமாகவும் அறிவித்தார்கள்.

மலை உச்சியில் ஒரு பறவை என்று நீண்ட காலம் எண்ணியிருந்தோம். எண்ணிப் பார்த்தால் மூன்று. கேட்கச் சந்தோஷமான செய்தி. பாதுகாப்புக் கணக்கில் அது கவலைக்குரிய செய்தி. ஒரே இனம் என்றால் நீலகிரியில் குறைந்தாலும் பழனியில் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். தனித்தனி இனம் என்றான பிறகு, ஒன்றின் இழப்பை இன்னொன்று ஈடுசெய்யாது.

ஒரு படி வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

சிவப்புப் பட்டியல் ஒரு பறவையை எந்தப் படியில் வைக்கிறது என்பதற்குப் பல அளவுகோல்கள் உண்டு. இப்படிக் குறுகிய இடத்தில் வாழும் பறவைகளுக்கு மிகவும் முக்கியமானவை மூன்று: எவ்வளவு பரப்பில் பரவியிருக்கிறது, அந்தப் பரப்பு எவ்வளவு துண்டுபட்டிருக்கிறது, சரிவு தொடர்கிறதா.

தெற்குப் பறவைக்கு இங்கே சில வசதிகள் இருக்கின்றன. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் கிராஸ் ஹில்ஸ், கேரளத்தின் இரவிகுளம், ஆனைமுடிச் சோலை, பாம்பாடும் சோலை ஆகிய தேசியப் பூங்காக்கள், குறிஞ்சிமலை சரணாலயம், 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம், 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் என்று அதன் வாழிடத்தில் சட்டப் பாதுகாப்புள்ள பெரிய பகுதிகள் வரிசையாக உண்டு.

வடக்குப் பறவையின் நிலைமை வேறு. முக்குர்த்தி தேசியப் பூங்கா சுமார் 78 சதுர கி.மீ. சைலண்ட் வேலியும் பிரம்மகிரி சரணாலயமும் உண்டு. ஆனால் நீலகிரி பீடபூமியின் சோலைகளில் பல, தேயிலைத் தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் நடுவே சிக்கிய சிறு துண்டுகள். லாங்வுட் சோலையே சுமார் 116 ஹெக்டேர்தான். அது பிழைத்திருப்பதற்கு உள்ளூர் மக்கள் காவலுக்கு நின்றது பெரிய காரணம்.

ஆகவே ஒரு படி வித்தியாசத்துக்கு நியாயம் இருக்கிறது. சிக்கல் வரைபடத்தில் இருக்கிறது. விஜய் ரமேஷ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017இல் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 18 பறவைகளின் பரவலை, பறவை ஆர்வலர்கள் ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிவிட்ட தகவல்களை வைத்து மறுபடி கணக்கிட்டார்கள். அவற்றில் 17 இனங்களின் பரவல் அதிகாரப்பூர்வ வரைபடங்களில் உண்மையைவிடப் பெரிதாகக் காட்டப்பட்டிருந்தது. பட்டியல் இவற்றின் ஆபத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறது என்பது அவர்களின் முடிவு.

வரைபடத்தில் வண்ணம் தீட்டுவது எளிது. தெற்குப் பறவையின் எல்லைக்குள் மூணாறின் தேயிலைச் சரிவுகளும் விழுகின்றன, மலைப்பூண்டும் கேரட்டும் விளையும் மேல்மலைக் கிராமங்களும் விழுகின்றன. அங்கே சோலைக்கிளி கூடு கட்டுவதில்லை. அகத்தியர்மலைப் பறவையைச் சேர்த்துக் கணக்கிட்டால் தெற்குப் பறவையின் பரப்பு பெரிது. தனி இனமாகப் பிரித்தால் அதுவும் சுருங்கும். ‘அழிவாய்ப்பு’ என்ற சொல்லை ‘பரவாயில்லை’ என்று படிக்கும் அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

▌பெட்டிச் செய்தி: பட்டியலின் படிகள்

ஆபத்தில் உள்ள இனங்களுக்கு ஐ.யு.சி.என். மூன்று படிகள் வைத்திருக்கிறது. மேலிருந்து கீழாக:

மிக அருகிய இனம்: அழிவின் விளிம்பில்.
அருகிய இனம்: பரவல் எல்லை 5,000 சதுர கி.மீ.க்குள் இருந்து, துண்டாட்டமும் சரிவும் தொடர்ந்தால் இந்தப் படி.
அழிவாய்ப்பு இனம்: அதே நிலைமை 20,000 சதுர கி.மீ.க்குள் இருந்தால் இந்தப் படி.

எண்ணிக்கை, சரிவின் வேகம் போன்ற வேறு அளவுகோல்களாலும் ஓர் இனம் இந்தப் படிகளுக்குள் வரலாம். மூன்று படிகளுமே ‘அச்சுறுத்தலுக்கு உள்ளானவை’ என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. கடைசிப் படியில் இருப்பதும் ஆபத்தில் இருப்பதுதான்.

மலை நிறம் மாறிய கதை

நீலகிரியில் ஆங்கிலேயர் குடியேறிய 1820களில் தொடங்குகிறது இது. விறகுக்கும் நிழலுக்கும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் கற்பூர மரமும் வந்தன. தேயிலைக்காகச் சோலைகள் வெட்டப்பட்டன. விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடப் பட்டையும், செயற்கைப் பட்டு நூலுக்கும் காகிதத்துக்கும் மரக்கூழும் வேண்டுமென்று புல்வெளிகளில் அரசே சீகையையும் கற்பூரத்தையும் வரிசையாக நட்டது. புல்வெளி என்றால் தரிசு என்று அன்றைய அதிகாரிகள் நினைத்தார்கள். குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகள் சில பள்ளத்தாக்குகளை மூழ்கடித்தன.

பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் மலைப் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டது என்று 2018இல் அரசுமணி உள்ளிட்டோர் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டினார்கள். காரணம் மரத்தோட்டங்களும் விவசாயமும். வானத் தீவுகள் முழுவதையும் அலசிய 2019ஆம் ஆண்டு ஆய்வு, 1973 முதல் 2017 வரை சுமார் 340 சதுர கி.மீ. புல்வெளியை, அதாவது 23 சதவீதத்தை, அயல் மரங்கள் விழுங்கியதாகச் சொன்னது. பல இடங்களில் யாரும் நடவில்லை. சீகை தானாகவே பரவியது.

சோலைக்கிளி புல்வெளிப் பறவை அல்லவே, புல் போனால் அதற்கென்ன என்று கேட்கலாம். சோலை மட்டும் தனியாகப் பிழைக்காது. புல்வெளி பஞ்சு போலப் பிடித்துவைக்கும் ஈரத்தில்தான் பள்ளத்துச் சோலையின் ஓடை ஓடுகிறது. புல்வெளி சீகைக்காடாக மாறினால் காட்டெருமை மேய்ச்சலுக்குச் சோலை ஓரங்களுக்கும் ஊருக்குள்ளும் வருகிறது. கொடைக்கானல் பஸ் நிலையத்தருகே காட்டெருமை நிற்பது இன்று யாருக்கும் வியப்பில்லை. சோலைக்குள்ளேயோ செஸ்ட்ரம், உண்ணிச்செடி போன்ற அயல் புதர்கள் நுழைந்து, சோலைக்கிளி இரை தேடும் அதே கீழ்த்தளத்தை அடைக்கின்றன. விறகுக்கு ஆட்கள், மேய மாடுகள், குப்பை கொட்ட விடுதிகள். வெளியிலிருந்து பார்த்தால் சோலை பச்சையாகத்தான் தெரியும். தரையில் வாழும் பறவைக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

விளைவு 1: பாட்டே மாறுகிறது

பாட்டுப் பறவைகள் பாட்டைப் பெரும்பாலும் கேட்டுக் கற்கின்றன. அக்கம்பக்கத்துப் பறவைகளின் பாட்டே பாடம். ஒரு சோலையிலிருந்து இன்னொரு சோலைக்குப் போக்குவரத்து நின்றுபோனால், ஒவ்வொரு மலையும் தனக்கென ஒரு வட்டார வழக்கை வளர்த்துக்கொள்ளும்.

ராபினும் மது கட்டியும் மற்றவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. ஆதிகாலக் கணவாய் பிரித்த பறவைகளின் பாட்டு மாறியிருந்தது, அது எதிர்பார்த்ததே. மனிதர்கள் காடழித்ததால் அண்மையில் பிரிந்த கூட்டங்களுக்கு இடையிலும் பாட்டில் வித்தியாசம் தெரிந்தது என்பதுதான் திடுக்கிட வைத்தது. இயற்கை லட்சக்கணக்கான ஆண்டுகளில் செய்ததை, தேயிலையும் நகரமும் சில தலைமுறைகளில் தொடங்கிவைத்துவிட்டன.

பாட்டு மாறினால் என்ன நஷ்டம்? ஆண் பறவை பாடுவது எல்லையைக் காக்கவும் துணையை அழைக்கவும்தான். அந்நியப் பாட்டைத் துணை ஏற்காமல் போனால், நடுவில் மறுபடி காடு வளர்த்துக் கொடுத்தாலும் இரண்டு கூட்டங்களும் கலப்பது கடினம். 2015இல் ராபின் குழுவினர் வெளியிட்ட மரபணு ஆய்வு, இந்த உச்சிகளின் இரண்டு பழம்பெரும் பறவைகளை அண்மைக் காலத் துண்டாட்டம் எப்படிப் பாதித்திருக்கிறது என்று காட்டியது. சிறு சோலையில் அடைபட்ட கூட்டத்துக்குள் உறவு நெருக்கம் கூடும். நோயையும் வறட்சியையும் தாங்கும் வலு குறையும்.

விளைவு 2: வெட்டுவதிலும் ஆபத்து

அயல் மரங்களை அகற்ற வேண்டும் என்பதில் இன்று பெரிய கருத்து மோதல் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் பல முறை வலியுறுத்திவிட்டது. தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி வாழிடத்தை மீட்பதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. மோதல், எப்படி அகற்றுவது என்பதில்.

புல்வெளிக்காரர்கள் ஒரு பக்கம். சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் காத்திருக்கும், அதனால் வேகமாக, முழுசாக வெட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். நீலகிரி நெட்டைக்காலி போன்ற புல்வெளிப் பறவைகளுக்கும் வரையாட்டுக்கும் இதனால் நன்மை. புல்வெளி மீண்டால் தோடர்களின் எருமைக்கு மேய்ச்சலும், கோயில் கூரைக்குப் புல்லும் கிடைக்கும்.

சோலைக்காரர்கள் மறு பக்கம். பழனி மலையின் சில பழைய சீகைத் தோட்டங்களுக்குள் போய்ப் பாருங்கள் என்கிறார்கள். அந்த நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாக முளைத்து ஆளுயரம் வளர்ந்திருக்கின்றன. வட்டக்கானலில் சோலை மீட்பில் நீண்ட காலம் உழைத்தவர்கள் இதைத் தொடர்ந்து சுட்டிக்காட்டி வந்தார்கள். அங்கே இயந்திரம் இறக்கி ஒரேயடியாக வெட்டினால், சீகையோடு சேர்ந்து வளரும் சோலையும் போய்விடும். பெரும் வெளிச்சம் பட்டால் அடுத்து வருவது சோலை அல்ல, மறுபடி சீகைதான்.

இங்கேதான் இரண்டு பறவைகளையும் ஒப்பிடுவது பயன்படுகிறது. ஒரு மலைக்குப் பொருந்தும் திட்டம் மறு மலைக்குப் பொருந்தாது. புல்வெளியை அண்மையில் ஆக்கிரமித்த இளம் சீகையை வெட்டுவது சரி. இரண்டு சோலைத் துண்டுகளுக்கு நடுவே நின்று, தன் நிழலில் சோலைக் கன்றை வளர்க்கும் பழைய தோட்டத்தைப் படிப்படியாக மெலிய வைப்பது சரி. இடம் பார்த்து முடிவெடுக்க வேண்டிய வேலை இது. ஹெக்டேர் கணக்கில் டெண்டர் விட்டால் நடக்காது.

விளைவு 3: நாமும் நம் வண்டியும்

2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு உயர் நீதிமன்றம் உச்சவரம்பே நிர்ணயித்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000 மற்றும் 6,000. வியாபாரிகளும் விடுதிக்காரர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சீசன் வருமானத்தை நம்பி ஆண்டு முழுக்கக் கடன் கட்டும் குடும்பங்களின் கவலையை ஒதுக்கிவிட முடியாது.

ஏப்ரல், மே, ஜூன் சோலைக்கிளி கூடு கட்டும் காலமும்கூட. வண்டி நேரடியாகப் பறவையை மோதுவதில்லை. வண்டிக்குச் சாலை அகலமாகிறது, சாலைக்குப் பக்கத்தில் விடுதி எழுகிறது, விடுதிக்குத் தண்ணீர் வேண்டுமென்று ஓடை மறிக்கப்படுகிறது, எச்சில் இலைக்கு எலியும் பூனையும் நாயும் வருகின்றன. தரையோரம் கூடு கட்டும் பறவைக்கு இவை எல்லாமே எதிரி.

பறவை ஆர்வலர்களுக்கும் பங்கு உண்டு. புதருக்குள் ஒளியும் பறவையை வெளியே வரவைக்க, செல்போனில் அதன் பாட்டைப் போட்டுக் காட்டும் பழக்கம் பரவியிருக்கிறது. போட்டியாளன் வந்துவிட்டான் என்று நினைத்து ஆண் பறவை கூட்டை விட்டு ஓடி வருகிறது. படம் நன்றாக வரும். நகரத்தை ஒட்டிய, எல்லோரும் போகிற சோலைகளில் வாழும் பறவைக்கு இது அன்றாடத் தொந்தரவு.

விளைவு 4: கீழே இருப்பவர்களுக்கு

சோலைக்கிளியைப் பார்க்காதவர்களும் அதன் சோலையைக் குடிக்கிறார்கள். நீலகிரிச் சோலைகளின் ஓடைகள் பவானியிலும் மாயாற்றிலும் சேர்ந்து பவானிசாகரை நிரப்புகின்றன. ஈரோட்டு மஞ்சளுக்கும் நெல்லுக்கும் அந்தத் தண்ணீர்தான். பழனி மலையும் ஆனைமலையும் அமராவதிக்கும் ஆழியாற்றுக்கும் வைகையின் கிளைகளுக்கும் நீர் தருகின்றன. மழை நாளில் உறிஞ்சி, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது சோலை-புல்வெளி அமைப்பின் வேலை. அந்த அமைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்பதைச் சோலைக்கிளியின் இருப்பு காட்டிவிடும். அதற்கு நிழல், ஈரம், சருகு, பூச்சி நான்கும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் தங்காது.

▌பெட்டிச் செய்தி: இன்னொரு குடும்பத்துக்கும் இதே கதை

சோலைக்கிளிகளோடு அதே உச்சிகளில் வாழும் சிரிப்பான்களுக்கும் 2017ஆம் ஆண்டு ஆய்வு ‘மான்டிசின்க்லா’ என்ற புதிய பேரினத்தைக் கொடுத்தது. நான்கு இனங்கள்: வயநாட்டுப் பாணாசுர மலையில் ஒன்று, நீலகிரியில் ஒன்று, பழனி-ஆனைமலையில் ஒன்று, அகத்தியர்மலையில் ஒன்று. பிரித்தவற்றில் அதே இரண்டு கணவாய்களும் உண்டு. நான்கில் மிகக் குறுகிய இடத்தில் வாழும் பாணாசுரச் சிரிப்பான் ‘அருகிய இனம்’. பழனி மலைச் சிரிப்பானின் பெயரில் கொடைக்கானலோடு தொடர்புடைய அமெரிக்கப் பாதிரியார் ஃபேர்பேங்க் நினைவுகூரப்படுகிறார்.

மேலே போக மலை இல்லை

வெப்பம் கூடும்போது மலை உயிர்கள் மேலே ஏறும். உயரம் கூடக் கூடக் குளிர் கிடைக்கும். சோலைக்கிளியோ ஏற்கனவே உச்சியில் இருக்கிறது. தென்னிந்தியாவில் 2,700 மீட்டரைத் தாண்டிய மலையே கிடையாது. வடக்குப் பறவையின் எல்லைக்குள் பெரிய உயர்நிலம் என்றால் நீலகிரி பீடபூமிதான். அங்கேதான் நகரங்கள் நெருக்குகின்றன. தெற்குப் பறவைக்கு ஆனைமுடியைச் சுற்றி உயர்நிலம் இருக்கிறது. ஆனால் மற்ற மலைகளிலிருந்து அங்கே போய்ச் சேர வழியில்லை. ஒன்றுக்கு இடம் போதாது, இன்னொன்றுக்குப் பாதை போதாது. பட்டியல் வேறு வேறு படி கொடுத்தாலும் முடிவு ஒன்றை நோக்கித்தான் போகிறது.

என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டின் வரையாட்டுத் திட்டம் நல்ல முன்மாதிரி. சுமார் 25 கோடி ரூபாயில் 2022இல் அறிவிக்கப்பட்டு, கணக்கெடுப்பு, வாழிடச் சீரமைப்பு என்று மலைப் புல்வெளிக்கு நிதியும் கவனமும் கொண்டுவந்தது. வரையாடும் சோலைக்கிளியும் ஒரே உச்சியில் பாதி பாதி பங்கு போட்டுக்கொண்டவை: புல்வெளி அதற்கு, சோலை இதற்கு. அந்தத் திட்டத்தின் கணக்கெடுப்புக் குழுக்கள் போகிற வழியிலேயே சோலைப் பறவைகளின் பாட்டையும் பதிவு செய்யலாம். தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. ஆண்டுதோறும் ஒரே சோலையில் எத்தனை குரல் கேட்கிறது என்ற பதிவு இருந்தால், பட்டியலின் படிகளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, காப்பகங்களுக்கு வெளியே உள்ள சிறு சோலைகள். தேயிலைத் தோட்டங்களுக்குள்ளும் ஊர் ஓரங்களிலும் இருக்கும் சில ஹெக்டேர் சோலைகளைக் கணக்கெடுத்து, அவற்றுக்கு நடுவே உள்நாட்டு மரக் கன்றுகளால் பாதை போட வேண்டும். நீலகிரிக்கு இது அவசரம். பழனிக்கும் மூணாறுக்கும் இது அவசியம்.

மூன்றாவது, திட்டங்களை இனத்தின் படியை வைத்து வகுக்காமல் மலையை வைத்து வகுக்க வேண்டும். வடக்கே ‘அருகியது’ என்பதால் நிதி, தெற்கே ‘அழிவாய்ப்பு’ என்பதால் காத்திருப்பு என்ற முறை இந்தப் பறவைகளுக்குப் பொருந்தாது. அருகிய இனம் என்ற பெயரைத் தெற்குப் பறவை சம்பாதிக்கும்வரை காத்திருப்பது, நோயாளி ஐ.சி.யு.வுக்குப் போகட்டும், பிறகு மருந்து தரலாம் என்று சொல்வதற்குச் சமம்.

ஆகவே தலைப்பில் கேட்ட கேள்விக்கு எங்கள் பதில்: இன்று நீலகிரி சோலைக்கிளிக்குத்தான் ஆபத்து அதிகம். ஆனால் வெண்வயிற்றுச் சோலைக்கிளி பத்திரமாக இருக்கிறது என்பதற்கு அது சான்று ஆகாது. அது நீலகிரியின் பாதையிலேயே சற்றுப் பின்னால் நடந்து வருகிறது, அவ்வளவுதான். முன்னால் போனது எங்கே சறுக்கியது என்று தெரிந்துகொண்டே பின்னால் வருவதையும் சறுக்க விட்டால், தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

மலைக்குப் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டியைக் குறைத்துப் பேருந்தில் போங்கள். சோலைக்குள் போனால் பாதையை விட்டு இறங்காதீர்கள். செல்போனில் பறவைப் பாட்டைப் போடாதீர்கள். சோலைக்கிளியின் குரலைக் கேட்டால் இடம், தேதி, நேரத்தோடு ‘இ-பேர்ட்’டில் பதிவு செய்யுங்கள். வரைபடத்தில் இருந்த தவறுகளைக் கண்டுபிடித்தது இப்படிப்பட்ட சாதாரணப் பதிவுகள்தான்; இனி எந்த மலையில் எந்தப் பாட்டு குறைகிறது என்று முதலில் சொல்லப்போவதும் அவைதான்.